பன்னிரண்டு ஆட்கள், பத்து நாட்கள்

மே மாதம் பாதி தாண்டியதும் எங்கள் பள்ளிக்கூடத்துக் காற்று இனிக்கத் தொடங்கிவிடும். ஒன்றரை மைல் தள்ளியிருந்த மாங்கூழ் ஃபேக்டரியில் பழத்தை வேகவைத்துக் கூழாக்குகிற வாசனை அது. முதல் நாள் எச்சில் ஊற வைக்கும், மூன்றாம் நாள் தலைவலி கொடுக்கும், ஒரு வாரம் போனால் அப்படி ஒன்று இருப்பதே மூக்குக்குத் தெரியாது. வழக்கமாக அந்த வாசனை வரும் நாட்களில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும், நாங்களும் வீட்டில் கிடப்போம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷம் மட்டும்தான், பொதுத்தேர்வு எல்லாம் எழுதித் தலைமுழுகிய பிறகும், முப்பது பெண்கள் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு காலை எட்டு மணிக்கே போய் சைக்கிள் ஸ்டாண்டின் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, அந்த வாசனையை மூச்சு முட்ட இழுத்துக்கொண்டு, கணக்குகளைச் சத்தம் போட்டு ஒப்பித்தோம். எல்லாம் "கம்பெனி எக்ஸாமு"க்காக.

ஓசூர்ப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி அந்த வருஷம் எங்கள் பள்ளியிலிருந்து பெண்களை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. பன்னிரண்டாவது பாஸ், வயது பதினெட்டு, அவர்கள் வைக்கிற ஒரு பரீட்சை, அவ்வளவுதான். தங்குவதற்கு ஹாஸ்டல், போய்வர பஸ். வேப்பனப்பள்ளிச் சாலையில் இருந்த எங்கள் கிராமங்களில் இதைவிடப் பெரிய செய்தி அந்தக் கோடையில் வேறில்லை. எப்படியோ, யார் காலைப் பிடித்தோ, தலைமையாசிரியை முந்தின வருஷத்துக் கேள்வித்தாள் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்து வாங்கிவிட்டார். மங்கலான அந்தத் தாளில் இருபது கணக்குகள் இருந்தன. நாங்கள் அதை வேத புத்தகம் மாதிரிக் கையில் வாங்கினோம்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஆறு பேருக்கு, சட்டையில் பேட்ஜ் குத்திய ஒரு "லீடர்". மற்ற ஐந்து பேரும் அன்றைய பாடத்தை லீடரிடம் ஒப்பிக்க வேண்டும், ஒப்பித்தால் அவள் பேருக்கு நேரே ஒரு டிக், திக்கினால் வட்டம், சாயங்காலம் அந்தச் சீட்டு கணக்கு டீச்சர் கைக்குப் போகும். டீச்சர் கெட்டவர் இல்லை, பாவம். ஒற்றை ஆளாக ஐந்து வகுப்பை இழுத்துக்கொண்டிருந்தார். "யோசிக்காதீங்கடி, எழுதுங்க. யோசிச்சா டைம் போயிடும்" என்பது அவர் நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற வாக்கியம். அதில் தப்பும் சொல்ல முடியாது. அந்தக் காலத்துப் பொதுத்தேர்வில் புத்தகத்துக் கணக்கு ஒரு எண்கூட மாறாமல் அப்படியே வரும். எடுத்துக்காட்டுக் கணக்கின் முதல் வரியைச் சொன்னால் கடைசி வரியில் இருக்கும் விடை வரை மூச்சு விடாமல் சொல்லத் தெரிந்த பெண், கணக்கு என்றால் என்னவென்றே தெரியாமல் எழுபது மார்க் வாங்கிவிடலாம். நிறையப் பேர் வாங்கினார்கள்.

நான் லீடர். எனக்குக் கணக்கு வரும். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை, அத்தா, அதாவது என் அப்பா, குந்தாரப்பள்ளி ரோட்டில் வைத்திருந்த பஞ்சர் கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து எப்படியோ வந்துவிட்டது. ஆனால் எனக்கு வராத ஒன்று பொறுமை. இன்றைக்கும் வரவில்லை, என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்லுவார். என் குழுவில் இருந்த ஐந்து பேரில் ஒருத்திதான் நாகவேணி.

வேணி வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். ஐந்து ஏக்கர் மாந்தோப்பு, அதில் ஒரு ஓட்டு வீடு. நல்ல உயரம், சிரித்தால் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்ப்பார். ஒரு தடவை காதில் விழுந்த எதையும் மறக்க மாட்டாள். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் மைக்கில் கத்துகிற ஊர்ப் பெயர்களை வரிசை மாறாமல் அதே குரலில் சொல்லிக் காட்டி எங்களைச் சிரிக்க வைப்பாள். அவளுக்கு அந்தக் கோடையில் ஒரு நெருக்கடி இருந்தது. தாய்மாமனுக்குப் பேசி வைத்திருந்தார்கள். அவளுடைய "நைனா", அதாவது அப்பா, நல்ல மனுஷன்தான், மகளை அதட்டிக்கூடப் பேசாதவர், அவர் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: "கம்பெனிக்காரன் எடுத்துக்கினா ரெண்டு வருசம் போய் வா, மாமங்கிட்ட நான் பேசிக்கிறேன். எடுக்கலன்னா ஆவணியில கல்யாணம், அப்பறம் மூஞ்சி தூக்கக் கூடாது." மாமன்மீது வேணிக்கு வெறுப்பெல்லாம் கிடையாது. "மாமா நல்லவருடி. ஆனா ரெண்டு வருசம், ரெண்டே வருசம், யாரும் எழுப்பாம நானா எந்திரிச்சி, நானா பஸ் ஏறி, நானா போய் வரணும். அது போதும்டி எனக்கு" என்பாள். எவ்வளவு சின்ன ஆசை! இப்போது நினைத்தாலும் நெஞ்சு வலிக்கிறது.

முதல் நாள் நான் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். பதினாலாவது கணக்கு: பன்னிரண்டு ஆட்கள் ஒரு வேலையைப் பத்து நாட்களில் முடிக்கிறார்கள், அதே வேலையை எட்டு நாட்களில் முடிக்க எத்தனை ஆட்கள் வேண்டும்? பன்னிரண்டைப் பத்தால் பெருக்கு, எட்டால் வகு, பதினைந்து என்றேன். வேணி கேட்டாள்: "ஏன் பெருக்கணும்?" நான் விளக்கினேன். அவள் மறுபடி, "செரி, பெருக்கினா நூத்தி இருவது வருது. அந்த நூத்தி இருவது இன்னாது? ஆளா, நாளா?" என்று கேட்டாள். இருபது வருஷமாக நானும் எத்தனையோ பேருக்கு எதை எதையோ கற்றுக்கொடுத்துவிட்டேன். அதைவிட நல்ல கேள்வியை யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு அது எனக்குத் தெரியவில்லை. மற்ற நாலு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள், சாயங்காலம் சீட்டுக் கொடுக்க வேண்டும், பக்கத்துக் குழுவில் அத்தனை பேருக்கும் டிக் விழுந்துவிட்டது. "ஏன் ஏன்னு உசுர எடுக்காதடி! அப்படித்தான், அவ்ளோதான். மனப்பாடம் பண்ணு" என்று எரிந்து விழுந்தேன்.

அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவள் ஏன் என்று கேட்கவே இல்லை. நாலே நாளில் இருபது கணக்கையும் கேள்வி, வழிமுறை, விடை எல்லாம் சேர்த்து முழுங்கிவிட்டாள். எண்ணைச் சொன்னால் போதும், "பதினாலு" என்றால் பன்னிரண்டு ஆட்களில் தொடங்கிப் பதினைந்து ஆட்களில் வந்து நிற்பாள், ஒரு கமா தவறாது. என் சீட்டில் வேணியின் பேருக்கு நேரே டிக் தவிர வேறொன்று இல்லை. டீச்சர் எல்லார் முன்னாலும், "நூர்ஜஹானைப் பாருங்க, தெலுங்குப் பொண்ணையே எப்படித் தேத்திட்டா பாருங்க" என்றபோது எனக்குத் தலை கால் புரியவில்லை. வேணி என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டாள். மறுநாள் அவர்கள் தோப்பிலிருந்து ஒரு பை நிறைய செந்தூரா மாம்பழம் கொண்டுவந்து என் மடியில் கொட்டினாள்.

பரீட்சை அன்றைக்குக் குந்தாரப்பள்ளிக் கூட்ரோட்டுக்குக் கம்பெனி பஸ்ஸே வந்தது. சந்தை நாள், ஆட்டையும் மாட்டையும் விலக்கிவிட்டு முப்பது பேரும் ஏறினோம். சூளகிரி தாண்டும் வரை ஒரே பாட்டும் கூத்தும். வேணி தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து, வருகிற கம்பெனி போர்டுகளை எல்லாம் படித்து, "இதுல வேணாம், இதுல வேணாம், நம்முது எங்கடி?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கம்பெனியில் எங்களைச் சாப்பாட்டுக் கூடத்தில் பேர் வரிசைப்படி உட்கார வைத்தார்கள். நாகவேணி, அவளுக்கு நேர் பின்னால் நூர்ஜஹான்.

தாள் கைக்கு வந்ததும் முப்பது பெண்களிடமிருந்தும் ஒரு பெருமூச்சு வந்தது, நிம்மதிப் பெருமூச்சு. அதே இருபது கணக்கு, அதே வரிசை. நானும் மளமளவென்று முதல் கணக்குக்கு விடையை எழுதிவிட்டுத்தான் மறுபடி பார்த்தேன். எண் மாறியிருந்தது. இரண்டாவதிலும் மாறியிருந்தது. வார்த்தை ஒன்றுகூட மாறவில்லை, ஒவ்வொரு கணக்கிலும் ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்றியிருந்தார்கள். பதினாலாவது கணக்கில் பன்னிரண்டு ஆட்கள், பத்து நாட்கள், ஆனால் எட்டு நாள் இருந்த இடத்தில் ஆறு நாள். யா அல்லா என்று முதல் விடையை அடித்துவிட்டு நிமிர்ந்தேன். முன்னால் வேணியின் முதுகு தெரிந்தது. தலையே நிமிர்த்தாமல், யோசிக்காமல், டைம் போய்விடாமல், அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். "நம்பர் மாறியிருக்குடி" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். கண்காணிப்பாளர் பக்கத்தில்தான் நின்றார். என்னை வெளியே அனுப்பிவிட்டால்? நான் குனிந்து என் கணக்கைப் போட்டேன். எல்லாருக்கும் முன்னால் எழுதி முடித்தவள் வேணிதான். திரும்பி என்னைப் பார்த்து, கண்ணைச் சிமிட்டிச் சிரித்தாள்.

மத்தியானம் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஆபீஸர் வந்தார், கன்னடக்காரர். முகத்தில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். "ஏன்மா, நெறைய பேர்து ஒந்தே ஆன்ஸர், ஒரே ஆன்ஸர்! தப்பு கூட ஒந்தே தப்பு! யாரு யாரைப் பாத்து எழுதினீங்க? சொல்லுங்க, இல்லைன்னா யாரையும் எடுக்கறதில்லை" என்றார். லீடர்கள் நாங்கள் ஐந்து பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எழுந்து நின்றவள் வேணி. "சார், யாரும் யாரையும் பாக்கல சார். நாங்க மனப்பாடமா படிச்சிக்கினு வந்தோம் சார். வேணும்னா கேளுங்க" என்றாள். அவர் நம்பாமல், "பதினாலு" என்றார். அவள் கையைக் கட்டிக்கொண்டு, மூச்சு விடாமல், பன்னிரண்டு ஆட்களில் தொடங்கி எட்டு நாட்கள் வழியாகப் பதினைந்து ஆட்களில் கொண்டுபோய் முடித்தாள். கூடத்தில் நின்ற கம்பெனிக்காரர்கள் குபீரென்று சிரித்துவிட்டார்கள். அவர்கள் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஆபீஸர் சிரிக்கவில்லை. "நல்ல ஞாபகம் உனக்கு. உக்காரும்மா" என்று சொல்லிவிட்டு, எடுத்தவர்களின் பெயர்களைப் படித்தார். ஏழு பேர். முப்பது பேரையும் திருட்டுப் பட்டத்திலிருந்து காப்பாற்றியவள் பெயர் அதில் இல்லை. என் பெயர் இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாட்டு இல்லை. வேணி அழவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "எண்ணு மாறியிருந்துச்சாம்ல" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். "நீ கண்டுபுடிச்சிட்ட. எனக்கு மண்டையில ஒண்ணும் இல்லடி நூரு, நீ எவ்ளோ பாடுபட்ட எனக்காக" என்றாள். எனக்குள் என்னவோ உறுத்தியது. ஒரு சோதனை மாதிரி, "வேணி, உங்க தோப்புல பன்னெண்டு ஆளு பத்து நாள்ல காய் எறக்குறாங்கன்னு வச்சிக்க. ஆறு நாள்ல எறக்கணும்னா எத்தன ஆளு கூப்புடுவ?" என்று கேட்டேன். ஜன்னலைவிட்டுத் திரும்பக்கூட இல்லை அவள். "இருவது ஆளு. நைனா ஊர்ல இல்லன்னா நாந்தான கூப்புடறேன்" என்றாள். பிறகு திரும்பி, "ஏன்டி கேக்கற?" என்றாள்.

சொல்லியிருக்க வேண்டும். அதுதான்டி அந்தக் கணக்கு, நூற்றி இருபது என்றால் ஒரு ஆள் ஒரு நாள் செய்கிற வேலை நூற்றி இருபது தடவை, உனக்குப் பிறந்ததிலிருந்தே தெரிந்த விஷயம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், அதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பாளே என்று பயந்தேன். என் சீட்டில் நான் போட்ட டிக்குகள் எல்லாம் பொய் என்று எனக்கும் தெரிந்துவிட்டதே! "சும்மாதான் கேட்டேன்" என்றேன். சொன்னபடியே ஆவணியில் கல்யாணம் நடந்தது. எனக்கு அப்போது இரண்டாம் ஷிஃப்ட், ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போய் வந்தேன். மூஞ்சி தூக்காமல்தான் உட்கார்ந்திருந்தாள்.

கம்பெனியில் எனக்குக் காத்திருந்த வேடிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. மேஜைக்கு மேலே ஒரு அட்டை மாட்டியிருக்கும்; எந்தத் திருகாணியை எந்தக் கையால் எடுத்து எந்தத் துளையில் எத்தனை சுற்று என்று அதில் எழுதியிருக்கும்; அதை ஒரு எழுத்து மாறாமல் செய்ய வேண்டும், சொந்தமாக யோசிக்கக் கூடாது. முதல் நாளே சூப்பர்வைசர், "யோசிக்காதம்மா, போர்டுல இருக்கறத செய்" என்றபோது எனக்கு எங்கள் டீச்சரே வந்து நிற்கிற மாதிரி இருந்தது. வரிசையில் நிற்க, மணி அடித்தால் எழுந்திருக்க, எதிர்த்துப் பேசாமல் இருக்க, கேள்வி கேட்காமல் இருக்கப் பள்ளிக்கூடம் எங்களை நன்றாகவே பழக்கி அனுப்பியிருந்தது. அந்த வகையில் குறை சொல்ல முடியாது. பன்னிரண்டு ஆட்கள் கணக்கை அந்தத் தொழிற்சாலைக்குள் ஒரு நாள்கூட யாரும் என்னிடம் கேட்டதில்லை. அந்த அட்டையை வேணி ஒரு மணி நேரத்தில் முழுங்கியிருப்பாள், எங்கள் ஏழு பேரையும்விட அவள்தான் அந்த வேலைக்குப் பொருத்தமானவள். வேலைக்குத் தேவையில்லாத ஒன்றை வைத்து அவளைக் கழித்தார்கள்; தோப்பில் அவளுக்கு நன்றாகத் தெரிந்த அதே ஒன்றைத்தான் நாங்கள் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வரவே வராது என்று நம்ப வைத்தோம். போட்டி உலகத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது பற்றி மேடையில் யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். அந்த லீடர் பேட்ஜ் குத்திய இடம் இன்னும் வலிக்கிறது.

இன்றைக்கு வேறொரு கம்பெனியில், புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பிரிவில் இருக்கிறேன். எங்கள் பள்ளியின் அந்தச் சைக்கிள் ஸ்டாண்டு போய், அந்த இடத்தில் கம்ப்யூட்டர் அறை வந்துவிட்டது. மாங்கூழ் ஃபேக்டரி மூடிக் கிடக்கிறது. பொதுத்தேர்வில்கூட இப்போது புத்தகக் கணக்கு அப்படியே வருவதில்லை என்கிறார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து, அந்தப் பரீட்சையே இப்போது கிடையாது. காண்ட்ராக்டர் எங்கெங்கிருந்தோ ஆட்களைக் கூட்டிவந்து விடுகிறார், ஆதார் கார்டைப் பார்க்கிறோம், கண் பார்வை சோதிக்கிறோம், மறுநாள் லைனில் நிற்க வைக்கிறோம். கணக்கு யாரும் கேட்பதில்லை. ஒருத்தியின் இரண்டு வருஷத்தைத் தின்ற அந்தத் தாள் எந்தக் குப்பையில் போயிற்றோ.

போன வருஷம் காய் சீசனில் வேணியைப் பார்க்கப் போயிருந்தேன். மாமா உண்மையிலேயே நல்லவர்தான். இரண்டு பேருமாக அக்கம்பக்கத்துத் தோப்புகளையும் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார்கள், ஆள் கூப்பிடுவது, லாரி பேசுவது எல்லாம் வேணி கையில். காய்க் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, ஒன்பதாவது படிக்கிற அவள் மகள் நோட்டைக் கொண்டுவந்து ஒரு கணக்குக் கேட்டாள். வேணி நோட்டைத் தொடக்கூட இல்லை. "என்கிட்ட வராதன்னு எத்தன வாட்டி சொல்றது? எனக்குக் கணக்கு வராது. நூரு ஆண்ட்டிகிட்ட கேளு, அவதான் தலையால அடிச்சிக்கினு சொல்லிக் குடுத்தும் ஏறாத மண்டை இது" என்று சிரித்தாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"வேணி, அன்னைக்கு பஸ்ஸுல உன்கிட்ட ஒண்ணு கேட்டேனே, ஞாபகம் இருக்கா?" என்றேன்.

அவளுக்கா மறக்கும்! "பன்னெண்டு ஆளு, பத்து நாளு. ஆறு நாள்ல எறக்கணும். இருவது ஆளுன்னு சொன்னேன்" என்றாள்.

"அதுதான்டி அந்தப் பரீட்சையில வந்த பதினாலாவது கணக்கு. வேற ஒண்ணுமே இல்ல. மத்த கணக்கெல்லாமும் இந்த மாதிரிதான். உனக்குத் தெரியும்டி. நான்தான் சொல்லிக் குடுக்காம மனப்பாடம் பண்ண வச்சேன்."

கையிலிருந்த காயை அவள் குவியலில் போடவில்லை. மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கோபம் வரும் என்று நினைத்தேன், வந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். மெதுவாக, "அத அன்னைக்கு பஸ்ஸுலயே சொல்லியிருக்கலாம் இல்ல, நூரு?" என்றாள். "இருவது வருசமா என்னை நான் மக்குன்னே நெனச்சிக்கினு இருந்துட்டேன்டி."